கடைசியாகச் சாப்பிடுகிறவர்

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

நேரம் பின்னேரம்தான். ஆனால் எஸ்பியர்க் என்ற இந்த டேனிஷ் துறைமுக நகரில் மார்கழி மாதத்துப் பின்னேரம் என்பது இருட்டு. நடையின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். சமையலறைப் பக்கமிருந்து கோப்பி மணமும் அவித்த கிழங்கின் மணமும் கலந்து வந்தன. எங்கேயோ ஒரு அறையில் ரேடியோ தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது.

என் முன்னால் இருந்த கதவுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவருக்காக நான் மேசையில் நான்கு கோப்பைகளில் சூடான சூப் ஊற்றி வைத்திருந்தேன்.

போதுமான நேரம் போய்விட்டது என்று தோன்றியபோது, தட்டுவதற்குக் கையை உயர்த்தினேன்.

என் கை கதவில் படவில்லை. ஆனால் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்து.

மீனில் இருந்து மனிதருக்கு

போன கிழமை எழுதியதை, நான் வேலை செய்த மீன் தொழிற்சாலையை மூடியதோடு நிறுத்தியிருந்தேன். "அதுக்குப் பிறகு எப்பிடிச் சீவிச்சியள்?" என்று ஒரு வாசகர் தொலைபேசியில் கேட்டார். பிறகு கொமூன என்னைப் படிக்க அனுப்பியது. நகரசபையை இங்கே அப்படித்தான் சொல்வோம். முதியோரைப் பராமரிக்கிற படிப்பு.

ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாற்பதைத் தாண்டிய வயதில் வகுப்பில் போய் இருந்தேன். விழாமல் தூக்குவது, வெட்கப்படாமல் குளிப்பாட்டுவது, விக்காமல் ஊட்டுவது எல்லாம் வந்தது. கதைப்பது மட்டும் வரவில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். மீன் தொழிற்சாலையில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இயந்திரச் சத்தத்தில் எல்லோருமே ஊமைகள். படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த முதியோர் இல்லத்தில் அப்படி இல்லை. போர்வையை மடிக்கும்போது மழையைப் பற்றி ஒரு சொல், பல் துலக்கும்போது பேரப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். எனக்கு அந்தச் சொற்கள் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும்.

ஒருநாள் எங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். "உன்னுடைய வேலையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நீ அறைக்குள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்று ஆட்கள் சொல்கிறார்கள். சிலபேருக்கு அது பயமாக இருக்கிறதாம்" என்றார்.

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகுதான் என்னை நடையின் கடைசி அறைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தவர் ஒரு ஆங்கிலேயர். யாராவது கலகலவென்று கதைத்துக்கொண்டு உள்ளே போனால் அவருக்குக் கோபம் வந்துவிடும். கதைக்காத ஒருவன்தான் அவருக்குச் சரி என்று நினைத்திருக்கிறார்கள்.

அவருடைய உண்மைப் பெயரை எழுதமுடியாது. எங்கள் தொழிலில் அது சட்டம். டெரிக் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதுப் பொடியன்

டெரிக்குக்கு மறதி நோய். பல வருடங்கள் டேனிஷ் பேசி வாழ்ந்தவர். அந்த மொழி முழுவதும் அவரிடமிருந்து கழன்று விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தது அவர் பிறந்த துறைமுக ஊரின் ஆங்கிலம் மட்டும். என்னுடைய ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியதை என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் நாள் நான் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் யன்னலோரம் கதிரையில் இருந்தார். நெடிய உடம்பு, பெரிய கைகள். என்னை ஒருதரம் பார்த்தார். உடனே முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ள வா எண்டு இஞ்ச ஒருத்தரையும் நாங்கள் கட்டாயப்படுத்திறேல்லை, தம்பி. அதில நிக்க விருப்பமெண்டால் அதிலயே நில்."

நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் வெளியே பார்த்தபடியே தன் தேநீர்க் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

"சும்மாதானே நிக்கிறாய். இதை ஒருக்காப் பிடி."

வாங்குவதற்கு நான் உள்ளே போகவேண்டியிருந்தது. போனேன். அப்படித்தான் என்னை அவர் உள்ளே எடுத்தார். கூச்சமுள்ள பொடியனைக் கண்ணுக்கு நேரே பார்க்கக்கூடாது, கையில் ஒரு வேலையைக் கொடுக்கவேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த தொழிலின் முறை. எனக்கு அப்போது தெரியாது. எனக்கு அரைவாசித் தலை நரைத்துவிட்டது. அவருடைய கண்ணுக்கு நான் புதிதாகச் சேர்ந்த பதினேழு வயதுப் பொடியன்.

பின்னேரம் ஆனால் அவருக்கு அந்த அறை ஒரு இளைஞர் கிளப் ஆகிவிடும். மேசையைச் சுற்றி மூன்று கதிரைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக் கதைப்பார்.

"கீத், காலை மேசையில போடாத. மோரீன், கொம்மா இரவு வேலைக்குப் போட்டாவோ?"

இந்த நோயில் இது வழக்கம். படிப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆனால் அங்கே சொல்லித் தராத ஒன்று இருந்தது. அவர் கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளி, ஒருவர் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சரியாக இருக்கும். நகைச்சுவை என்றால் இடைவெளியின் நடுவிலேயே சிரிக்கத் தொடங்குவார். நான் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தபடி, என்னை அறியாமல் அந்த இடைவெளிகளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அவர் சாப்பிட மறுத்தது

இலை உதிர்ந்து முடியும் காலத்தில் டெரிக் சாப்பாட்டை நிறுத்தினார். கோப்பையைக் கையால் தள்ளுவார். வாயை மூடிக்கொள்வார்.

"அவங்கள் இன்னும் சாப்பிடேல்லை."

அவ்வளவுதான் சொல்வார். மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றது. கழுத்துப் பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவில் என் முழுக் கையும் போகும் அளவுக்கு இடம் வந்தது.

அவருக்கு ஒரே மகள், ஆன்னா. ஓகூஸ் நகரத்தில் இருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கார் ஓடி வருவார். ஒரு சனிக்கிழமை டொக்டர் அவரை நடையில் நிறுத்திக் கதைத்தார். உடுப்பு வண்டிலோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். சாப்பிடாத ஒருவருக்குப் பலவந்தமாகக் குழாய் போட்டு ஊட்டமாட்டோம், இப்படியே போனால் மார்கழி நத்தார்ப் பண்டிகை வரைக்கும்தான் என்று டொக்டர் மெல்லிய குரலில் சொன்னார். ஆன்னா தலையை ஆட்டினார். டொக்டர் போனபிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே அவரோட கனநேரம் இருக்கிறது. என்னதான் சொல்றார்?"

"மற்ற ஆக்கள் சாப்பிடோணுமாம்."

ஆன்னா சுவரில் சாய்ந்தார். "ஐயோ, அது அவற்ற சட்டம்!"

அன்றைக்குத்தான் நான் யாரைக் குளிப்பாட்டுகிறேன் என்று எனக்குத் தெரியவந்தது.

டெரிக் இளவயதில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இளைஞர் கிளப் நடத்தியவர். கப்பல்துறை வேலைகள் போய், வீடுகளில் சமையலும் ஒழுங்காக நடக்காத காலம். பந்தடிக்க வருகிறோம் என்று பிள்ளைகள் வருவார்கள். உண்மையில் பசிக்குத்தான் வந்தார்கள். ஒரு பெரிய பானையில் சூப் வைப்பார். பொறுப்பாளர் கடைசியாகத்தான் சாப்பிடவேண்டும், மிஞ்சினால் மட்டும் சாப்பிடவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இன்னொன்றும் இருந்தது. கிளப் மூடியதும் எந்தப் பிள்ளையையும் தனியே வீட்டுக்கு விடமாட்டார். ஒரே வழியில் போகிறவர்களைச் சோடி சேர்த்து அனுப்புவார்.

பிறகு அவர் அரசியலுக்குப் போனார். பாராளுமன்றம் வரைக்கும் போனார். தன் கட்சியிலேயே இடது பக்கத்து ஓரத்தில் இருந்தவர். எந்த விவாதத்தில் எழுந்தாலும், வீட்டு வாடகை என்றாலும் மீன்பிடி என்றாலும், கடைசியில் இளைஞர் கிளப்பில் வந்து முடிப்பாராம். அவர் எழுந்தால் மற்ற உறுப்பினர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவார்களாம். "பந்தை எடுங்கோ, கிளப்காரன் வந்திட்டான்" என்று அவருடைய கட்சிக்காரரே நக்கல் அடிப்பார்களாம். காசு மிஞ்சினால் நடத்துகிற காரியமாக இளைஞர் கிளப் இருக்கக்கூடாது, ஒவ்வொரு ஊரும் கட்டாயம் நடத்தவேண்டும் என்று ஒரு சட்டம் கேட்டார். கிடைக்கவில்லை. செலவைக் குறைக்கச் சொன்ன தன் கட்சிக்கே எதிராகக் கை தூக்கினார். அடுத்த தேர்தலில் அவரை நிறுத்தவில்லை.

டேனிஷ்காரியான மனைவியோடு, அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இருந்து எஸ்பியர்க்குக்கு ஓடிய கப்பலில் வந்து இறங்கினார். இங்கே கொமூன பிள்ளைகளுக்காகக் கிளப்பைக் கட்டாயம் நடத்தவேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்று தெரிந்ததும், கிளப் ஒன்றில் மணித்தியாலக் கூலிக்குப் பாண் வாட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். தங்களுக்குப் பாண் வாட்டித் தருகிறவர் பாராளுமன்றத்தில் இருந்தவர் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

"அம்மாவுக்கு வெக்கமாய் இருந்தது. அவருக்கு ஒரு வெக்கமும் இருக்கேல்லை" என்றார் ஆன்னா.

மூன்று கோப்பைகள்

அடுத்த நாள் பின்னேரம் சமையலறையில் கூடுதலாக மூன்று கோப்பைகள் கேட்டேன். அங்கே ராணி அக்கா வேலை செய்தார். யாழ்ப்பாணம், வாய் ஓயாது. "ஆருக்கு விருந்து?" என்றார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு திரும்பினேன். நான் பதில் சொல்லாதது அவருக்குப் புதிதல்ல.

மூன்று கதிரைகளுக்கும் முன்னால் கோப்பைகளை வைத்தேன். சூப் ஊற்றினேன். கரண்டி வைத்தேன். டெரிக்கின் கோப்பையை அவர் முன்னால் வைத்தேன். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

ஏன் வெளியே வந்தேன், ஏன் தட்டினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது.

டெரிக் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையைச் சரித்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். மற்றக் கோப்பைகளில் சூப் அப்படியே இருந்தது. நான் அவற்றைக் கொண்டுபோய் ஊற்றினேன். சூடான சூப் கொஞ்ச நேரத்தில் ஆடை பிடிக்கும், தெரியும்தானே. மூன்றிலும் ஆடை பிடிக்கவில்லை. யாரோ கிளறிக்கொண்டே இருந்தமாதிரி.

இரண்டு நாள், மூன்று நாள், ஒரு கிழமை. அவர் சாப்பிட்டார். ஆன்னா தொலைபேசியில் அழுதார். பொறுப்பாளர் என் தோளில் தட்டினார்.

ராணி அக்காதான் ஒருநாள் வண்டிலோடு நடையில் வந்து, மூடிய கதவின் முன்னால் கைகட்டி நின்ற என்னைப் பார்த்துவிட்டார். கோப்பைகளின் கணக்கு அவருக்குத் தெரியும். வண்டிலை அப்படியே விட்டார்.

"உமக்கு விசரே? என்ன செய்யிறீர் எண்டு தெரிஞ்சுதான் செய்யிறீரோ?"

"சூப் குடுக்கிறன் அக்கா."

"சூப் குடுக்கிறாராம். சாப்பாட்டை வைச்சு, கதவைச் சாத்தி, வெளிய நிண்டு, தட்டிப்போட்டுப் போறது ஆருக்கு? சொல்லும் பாப்பம். ஆருக்கு?"

அது எங்கே பார்த்த முறை என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

அப்பா செத்து எட்டாம் நாள் எங்கள் வீட்டில் அப்படிச் செய்தார்கள். எல்லா வீட்டிலும் இதே முறையா என்று தெரியாது. அவருக்கு விருப்பமான சாப்பாடு எல்லாம் இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். நான் கதவுக்குக் கிட்டப் போனேன். அம்மா என் வாயைப் பொத்தினா. "சத்தம் போடாத. அப்பா சாப்பிடுறார்." பிறகு மாமா கதவைத் தட்டினார். நாங்கள் வருகிறோம் என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்வதற்காக. திடீரென்று திறந்தால் அவர்கள் வெட்கப்பட்டுப் பாதிச் சாப்பாட்டில் போய்விடுவார்கள் என்று அம்மா சொன்னா.

ஒரு வெள்ளைக்கார மனிதரின் மறதி நோய்க்கு நான் படையல் போட்டிருக்கிறேன்.

"நிப்பாட்டும்" என்றார் ராணி அக்கா. "கூப்பிட்ட ஆக்கள் வெறுங்கையோட போமாட்டினம்."

அந்தச் சனி ஞாயிறு எனக்கு லீவு. எனக்குப் பதிலாக நின்ற டேனிஷ் பெண்ணிடம் கோப்பைகள் வைக்கச் சொல்லியிருந்தேன். கதவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். திங்கட்கிழமை வந்து கேட்டேன். கோப்பைகள் வைத்தாளாம். பக்கத்தில் இருந்து அன்பாகக் கதைத்தாளாம். இரண்டு நாளும் அவர் வாயைத் திறக்கவில்லையாம்.

அன்றைக்கு நான் மறுபடியும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

வாசலில் நிற்பவன்

அந்தக் கிழமையில்தான் டெரிக் புதிதாக ஒரு பெயரைச் சொன்னார். நான் வாசலில் நின்றபோது, எனக்கு இடது பக்கமாகப் பார்த்து, உடனே பார்வையை யன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டமாதிரியே.

"பில்லி வந்திருக்கிறான். அவன் தானாய் உள்ள வரமாட்டான். நீ அவனோட கொஞ்ச நேரம் நில். நீயும் அந்த மாதிரித்தானே."

நின்றேன். வேறு என்ன செய்வது?

அன்று வேலை முடிந்து நிலத்தைத் துடைக்கும்போது, கதவுக்கு இடது பக்கத்தில் ஒரு ஈரம் இருந்தது. இரண்டு சப்பாத்து அளவு. அறைக்குள் நாங்கள் எல்லோரும் வெளியே போட்டுப் போகாத உள்சப்பாத்துத்தான் போடுவோம். மறுநாளும் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். கட்டடப் பொறுப்பாளர் வந்து வெப்பக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஒழுக்கு ஒன்றும் இல்லை என்றார். விரலை மணந்து பார்த்துவிட்டு, "கடல் தண்ணி மணக்குது" என்று சிரித்தார். நான் அந்த இடத்தை ஒரு துணியால் தனியாகத் துடைத்து, அந்தத் துணியை மற்றத் துணிகளோடு போடாமல் வைத்தேன்.

சனிக்கிழமை ஆன்னா வந்தபோது, பில்லி யார் என்று கேட்டேன். நானாகக் கேட்ட கேள்வி என்பதே அவருக்கு அதிசயம். பெயரைக் கேட்டதும் கோப்பியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெயரை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அப்பா."

"அப்பா அந்தப் பெயரை வாய் திறந்து சொன்னதே இல்லை. எனக்கே அம்மா சாகப் போற நேரத்திலதான் சொன்னவ."

அந்த நிலவறைக் கிளப்பை ஒரு குளிர்காலத்தில் நகரசபை செலவு என்று சொல்லி மூடியது. அங்கே ஒவ்வொரு பின்னேரமும் வந்து வாசலிலேயே நிற்கிற ஒரு பொடியன் இருந்தான். கிளப் பூட்டிய பிறகும் வந்தான். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, போக இடம் இல்லாமல் கப்பல்துறைப் பக்கம் நடந்திருக்கிறான். பனிப்புகார். சறுக்கிக் கடலில் விழுந்து மூழ்கியிருக்கவேண்டும். தனியே போனதால் பார்த்தவர் யாரும் இல்லை.

"அதுக்குப் பிறகுதான் அப்பா தேர்தலில நிண்டவர்" என்றார் ஆன்னா. "அந்தப் பொடியன்ர கதையை மேடையில சொல்லுங்கோ, எல்லா வோட்டும் விழும் எண்டு கட்சிக்காரர் கெஞ்சினவையாம். ஒருநாளும் சொல்லேல்லை. அவன்ர பெயரில நான் ஒண்டும் வாங்கமாட்டன் எண்டாராம்."

நான் ஈரத்தைப் பற்றி ஆன்னாவுக்குச் சொல்லவில்லை. கோப்பைகளை மட்டும் காட்டினேன். அவர் அந்த மூன்று கதிரைகளையும் தொட்டுப் பார்த்தார். "இது பிழையெண்டால் எனக்குச் சொல்லவேண்டாம்" என்றார். "அவர் சாப்பிட்டால் சரி."

உள்ளே இருந்து வந்த சத்தம்

இப்போது தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் முறையில் தட்டுகிறவர்கள் உயிரோடு இருப்பவர்கள். உள்ளே இருப்பவர்களுக்கு, நாங்கள் வருகிறோம் என்று எச்சரிப்பதற்காகத் தட்டுகிறோம். அந்தச் சத்தம் உள்ளே இருந்து வந்தபோது என் தலையில் ஓடியது ஒரே ஒரு எண்ணம்தான். அப்படியென்றால் நான் நிற்கிற இந்தப் பக்கம் எது?

நடையைத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பாடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றிருந்தது. வருவதும் போவதும் யாருக்கும் தெரியாமல் வேலை செய்கிற மனிதன் நான். பொறுப்பாளர் சிரித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. என் கையை இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தேன்.

டெரிக் யன்னலோரக் கதிரையில்தான் இருந்தார். அவருடைய நடைவண்டில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றது. அது இல்லாமல் அவர் ஒரு அடி வைக்கமாட்டார். நான்கு கோப்பைகளிலும் சூப் தொடப்படாமல் இருந்தது. பிள்ளைகளின் மூன்றிலும் முதன்முறையாக ஆடை பிடித்திருந்தது.

"மற்றவை எல்லாரும் சோடி சோடியாப் போட்டினம்" என்றார். "மிச்சம் நீங்கள் ரெண்டு பேரும்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்கு இடது பக்கம் பார்த்தார்.

"சாப்பிடுங்கோ" என்றேன்.

"அவன் வீட்டை போய்ச் சேராமல் நான் எப்பிடித் தம்பி சாப்பிடுறது? நீயும் அந்தப் பக்கம்தானே போறாய். அவனைக் கூட்டிக்கொண்டு போ. துறைமுகத்துப் பக்கத்தால போகவேண்டாம். வெளிச்சம் இருக்கிற இடமாப் பாத்து விடு. நாளைக்கு வந்து எனக்குச் சொல்லு."

வாயை மூடிக்கொண்டார். நான் கரண்டியைக் கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கழுத்து நரம்பைப் பார்த்தபோது டொக்டர் சொன்ன நத்தார் ஞாபகம் வந்தது. நாளைக்கு நான் வந்து என்ன சொல்லப்போகிறேன் என்பதில்தான் அவர் சாப்பிடுவதும் விடுவதும் இருந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது. முகத்தில் தெரிந்துவிடும்.

நீண்ட வழி

வேலை முடிந்து வெளியே வந்தேன். பனிப்புகார் இறங்கியிருந்தது. தெரு விளக்குகள் பஞ்சுக்குள் வைத்தமாதிரி. துறைமுகப் பக்கத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

வழமையாகத் துறைமுக வீதியால் போவேன். அது குறுக்கு வழி. அன்றைக்கு எதிர்ப் பக்கம் திரும்பினேன். பஸ்ஸில் போகலாமா என்று நினைத்தபோது, அவனுக்கும் டிக்கெட் எடுக்கவேண்டுமா என்ற யோசனை வந்தது. வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நடந்தேன்.

நடைபாதையில் இடது பக்கம் ஒரு ஆள் போகிற அளவு இடம் விட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கூச்சமுள்ளவனை நேரே பார்க்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கடல் மணம் வந்துகொண்டிருந்தது. துறைமுகத்தை விட்டு விலகிப் போகப் போகக் குறையவேண்டிய மணம், குறையவில்லை.

ஒரு கட்டத்தில் நான் கதைத்துக்கொண்டு போகிறேன் என்று எனக்குத் தெரியவந்தது. தமிழில். "இது பள்ளிக்கூடம். இதில நிலம் சறுக்கும், பாத்து வா. நானும் உன்ர வயசிலதான் இஞ்ச வந்தனான். எனக்கும் ஒரு இடமும் தெரியாது." அவ்வளவு சொற்கள் ஒரேயடியாக என் வாயிலிருந்து வந்து பல வருடங்கள்.

அவனை எங்கே விடுவது? எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போக முடியாது. மனைவியும் மகளும் இருக்கிற வீடு. தேவாலயம் பூட்டியிருந்தது. கடைகளில் வெளிச்சம் இருந்தது, ஆனால் அவை மூடுகிற வெளிச்சங்கள்.

எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு முன்னால் ஒரு இளைஞர் கிளப் இருக்கிறது. யன்னல் முழுக்க மஞ்சள் வெளிச்சம். பிங்பொங் பந்தின் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. மகள் சின்ன வயதில் அங்கே போவாள். நான் காருக்குள் இருந்து கூப்பிடுவேனே தவிர, ஒருநாளும் உள்ளே போனதில்லை. டெரிக் பாண் வாட்டியது இதே கிளப்பில்தானா என்று எனக்குத் தெரியாது. ஆன்னாவிடம் நான் கேட்கவும் இல்லை.

கதவைத் திறந்தேன். ஈரக் கோட்டுகளின் மணமும் வாட்டிய பாணின் மணமும் வெக்கையும் முகத்தில் அடித்தன. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நரைத்த தலையோடு ஒரு தமிழ் மனிதன் வாசலில் நிற்கிறான். என் காது இரண்டும் சுட்டன. பொறுப்பாக நின்ற இளம் பெண் ஒருத்தி, "யாரைக் கூட்டிப்போக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"கூட்டிப்போக இல்லை. கொண்டுவந்து விட வந்தேன்" என்றேன் டேனிஷில்.

அவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி, ஒருவர் உள்ளே போகிற நேரம் நின்றேன். அதைவிடக் கொஞ்சம் கூடவும் நின்றேன். கூச்சமுள்ளவர்களுக்கு நேரம் எடுக்கும்.

சோபாவில் ஒரு பெட்டை தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டாள்.

நான் கதவைச் சாத்தினேன். தெருவில் காற்று வெறும் காற்றாக மணந்தது.

மறுநாள்

டெரிக் யன்னலோரம் இருந்தார். ஒரே ஒரு கோப்பையைத்தான் கொண்டுபோனேன். கதவைத் திறந்தபடியே விட்டேன். வாசலில் நிலம் காய்ந்திருந்தது.

"கொண்டுபோய் விட்டியோ?"

"ஓம்."

"எங்க?"

"ஒரு கிளப்பில. நல்ல வெக்கை. ஆக்கள் இருந்தினம்."

அவர் என் முகத்தை நேரே பார்த்தார். அதற்கு முன் ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் நான் பொடியனாக இருக்கவில்லை. வேலை முடிந்து கணக்கு ஒப்படைக்கிற இன்னொரு பொறுப்பாளனாக இருந்தேன்.

"உள்ள போனவனோ? வாசலில நிக்கேல்லையே?"

"உள்ள போட்டான்."

கரண்டியைத் தானே எடுத்தார். பாதி சிந்தியது. நான் உதவிக்குப் போகவில்லை. சூப் முடிந்தது. கிழங்கைக் கேட்டார். கிழங்கும் முடிந்தது. கோப்பையைத் தள்ளி வைத்து, வாயைத் துடைத்து, சாப்பிட்டு முடிந்ததும் இந்த நாட்டில் எல்லோரும் சொல்கிற இரண்டு மூன்று சொற்களைச் சொன்னார். சாப்பாட்டுக்கு நன்றி. டேனிஷில்.

அந்த மொழி அவர் வாயில் வந்து எவ்வளவோ காலம். நான் அதற்குரிய பதிலைச் சத்தமாகச் சொன்னேன். நடையில் போன ராணி அக்கா நின்று எட்டிப் பார்த்தார். நான் அவ்வளவு சத்தமாகக் கதைத்து அவர் கேட்டதில்லை.